விலையில்லா நிலம்

நிலம் இலவசம் என்று ஓர் அரசு அறிவிக்குமாயின், அதனைக் கேட்டு வாளா இருக்கும் மக்கள் எந்நாட்டிலும் இலர். 1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட ஒரு சட்டம் அவ்வாறுதான் அறிவித்தது. அதனைக் குடியேற்ற நிலச் சட்டம் என்று நாம் கூறலாம். இருபத்தொரு வயது நிரம்பியவரோ, ஒரு குடும்பத்தின் தலைவரோ, சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைத் தம் பெயரில் குறித்துக்கொள்ளலாம். அங்கே வீடு கட்டி, ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து, உழுது பயிரிட்டால் அந்நிலம் அவருக்கே உரிமையாகும். ஆடவருக்கு மட்டுமன்றி, மணமாகாத மகளிருக்கும் கைம்பெண்களுக்கும் இவ்வுரிமை வழங்கப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் இஃது ஒரு பெருஞ்செய்தியே ஆகும். 1863ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நெப்ராஸ்காவில் டேனியல் பிரீமன் என்பார் முதல் விண்ணப்பத்தைப் பதிவு செய்தார். அன்று தொடங்கிய வழக்கம் நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஏறத்தாழப் பதினாறு லட்சம் பேர் இச்சட்டத்தின் வழியே நிலவுரிமை பெற்றனர். அவர்கள் பெற்ற நிலம் 27 கோடி ஏக்கர். அந்நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

இச்சட்டம் 1898இல் வடகோடியிலுள்ள அலாஸ்காவுக்கும் நீட்டிக்கப்பட்டது. பதினேழு லட்சம் சதுரக் கிலோமீட்டர் பரந்த அந்நிலப்பகுதியை 1867இல் உருசிய அரசிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா விலைக்கு வாங்கியிருந்தது. அங்கே குடியேறியவர்களைப் பற்றிப் பேசுவோர் பலரும் ஒரே வகையாகப் பேசுகின்றனர். அரசு இலவசமாக நிலம் தந்தது. ஆளில்லாத காட்டுக்கு அஞ்சாத மனிதன் சென்றான். பிறர் உதவியின்றித் தன் தோள்வலியால் வாழ்ந்தான் என்பர். தொலைக்காட்சியிலும் இக்காலத்தில் இத்தகைய காட்சிகளே மிகுதியாகக் காட்டப்படுகின்றன. காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாழ்வை உற்று நோக்கினால் அக்கூற்றில் எந்தச் சொல்லும் நிலைத்து நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் ‘இலவசம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் தமக்குரிய நிலத்தின் நான்கு மூலைகளிலும் முளை அடித்து, எல்லையைக் குறித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதிரே நிற்பது வயல் அன்று, காடு. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களும் பிர்ச் மரங்களும் நெருங்கி வளர்ந்த காடு. காலை வைத்தால் கணுக்கால் அளவுக்கு அமிழும் பாசிப்படுகை. அப்பாசியின் கீழே, பல இடங்களில், ஆண்டு முழுவதும் உருகாத உறைமண். அங்கே முதற்பணி வீடு. அதனைக் கோடை முடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். காலந் தாழ்த்துவோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். இளவேனிலில் மரத்தில் நீர் ஏறும் பருவத்தே மரங்களை வெட்டினால் பட்டை எளிதில் உரியும். உரித்த மரங்களை உலர்த்தி, முனைகளைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புவர். மரத்துக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள சந்துகளில் பாசியை வைத்துக் குச்சியால் இடித்து நிரப்புவர். காலால் மிதிக்கப்பட்ட அதே பாசிதான் மாரிக்காலம் முழுவதும் காற்றைத் தடுத்து நிற்கிறது. கூரையின்மேல் புல்வேர் படிந்த மண்கட்டிகளைப் பரப்புவதும் உண்டு. கோடையில் அக்கூரையில் புல் முளைத்துப் பூக்கும்.

வீட்டுக்கு அருகே, நான்கு உயர்ந்த கால்களின்மேல் நிற்கும் சிறு மரக்கூண்டு ஒன்றையும் அமைப்பர். அது குழந்தைகள் விளையாடும் பரண் அன்று, குடும்பத்தின் களஞ்சியம். கரடிக்கும் பிற காட்டு விலங்குகளுக்கும் எட்டாமல் இறைச்சியை வைத்துக் காப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. கால்களைச் சுற்றித் தகரம் அடித்து வைப்பர்; ஏறிய ஏணியை மறவாமல் எடுத்து அப்பால் வைப்பர். மூஸ் என்னும் பெருமான் ஒன்றை இலையுதிர் பருவத்தில் வேட்டையாடினால் ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு இறைச்சி கிடைக்கும். கோடையில் ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீனைப் பிளந்து, கம்பிலே தொங்கவிட்டு, புகையூட்டி உலர்த்துவர். காட்டில் பழுக்கும் சிறு பழங்களைக் குழந்தைகள் வாளி வாளியாகப் பறித்து வருவர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தரைக்கு அடியில் தோண்டிய கிடங்கினுள் உறையாமல் இருக்கும். இவ்வளவும் முதற்பனி விழுவதற்குள் நிறைவேற வேண்டிய வேலைகள். கோடையில் இருபது மணி நேரமும் வெளிச்சம் இருக்கிறது என்று வியப்பவர்கள் உளர். அந்த இருபது மணி நேரமும் வேலை இருக்கிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. போதாக்குறைக்குக் கொசு. பச்சை இலைகளைப் புகையவிட்டு அப்புகையிலேயே நின்று வேலை செய்ய வேண்டும்.

மாரிக்காலத்தை விரித்துரைப்பது எளிதன்று. அலாஸ்காவின் நடுப்பகுதியிலுள்ள ஃபேர்பேங்ஸ் நகரில் திசம்பர் மாத இறுதியில் பகல் நான்கு மணி நேரம்கூட இராது. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக்குக் குளிர் இறங்கும் நாள்களும் உண்டு. செல்சியசு அளவியில் பார்த்தாலும் ஃபாரன்ஹீட் அளவியில் பார்த்தாலும் அந்த நாற்பது ஒன்றே என்பதை அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அக்குளிரில் இயந்திரத்தின் எண்ணெய் இறுகிவிடும். அடியில் நெருப்புக் காட்டி இளக்கிய பிறகே இயந்திரம் அசையும். தண்ணீருக்கு ஆற்றின் பனிக்கட்டியைக் கோடரியால் உடைக்க வேண்டும். அல்லது பனியை அள்ளி வந்து அடுப்பில் உருக்க வேண்டும். ஒரு பானை நிறையப் பனியை உருக்கினால் பானையின் அடியில்தான் தண்ணீர் நிற்கும். ஆகவே அதற்கும் விறகு, சோற்றுக்கும் விறகு, உயிருக்கும் விறகு. அலாஸ்காக் குடியேறியின் செல்வத்தை அளக்க விரும்பினால் அவன் வீட்டுப் பின்புறத்திலுள்ள விறகுக் குவியலைப் பார்த்தால் போதும்.

ஆறு உறையத் தொடங்கும் பருவமும், உறைந்த பனி உடைந்து ஓடும் பருவமும் பயணத்துக்கு ஆகா. படகும் செல்லாது, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியும் செல்லாது. சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டையோ மிதவையோ பூட்டிய சிறு வானூர்திகூட அப்போது இறங்க இயலாது. அவ்வாரங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாய்தான் மருத்துவர். அத்தாயே ஆசிரியரும் ஆவார். அஞ்சலில் வரும் பாடங்களை வைத்துக்கொண்டு விளக்கொளியில் குழந்தைகளுக்குக் கற்பித்த அன்னையர் அங்குப் பலர். ‘அஞ்சாத மனிதன் காட்டை வென்றான்’ என்று எழுதுவோர் இப்பெண்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமற் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இவ்வளவு உழைப்பையும் கொடுத்துப் பெறும் பொருளை எவ்வாறு இலவசம் என்று சொல்வது? விலையைப் பணமாக வாங்கவில்லை என்பதுதானே உண்மை?

இனி, அச்சட்டத்தைப் பற்றியே எனக்கு ஒரு குறை உண்டு. 1912இல் செய்த திருத்தத்தின்படி, குடியிருக்க வேண்டிய காலம் ஐந்து ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைந்தது; ஆண்டில் ஐந்து மாதம் வெளியே சென்றிருக்கவும் இசைவு கிடைத்தது. அதே திருத்தம் வேறொன்றையும் விதித்தது. இரண்டாம் ஆண்டில் நிலத்தில் பதினாறில் ஒரு பங்கும், மூன்றாம் ஆண்டு முதல் எட்டில் ஒரு பங்கும் பயிரிடப்பட்டிருக்க வேண்டும். 160 ஏக்கருக்கு எட்டில் ஒரு பங்கு என்றால் 20 ஏக்கர். நெப்ராஸ்கா, கன்சாஸ் போன்ற புல்வெளி நாடுகளில் இஃது அரிதன்று. ஏரைப் பூட்டி உழவேண்டியதுதான். அலாஸ்காவிலோ 20 ஏக்கர் காட்டை அழிக்க வேண்டும். மரத்தை வெட்டி, வேரைப் பெயர்த்து, நீண்ட வரிசைகளாகக் குவித்து எரிக்க வேண்டும். கோடரியும் குதிரையும் போதாமல் மண்தள்ளும் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தினோர் பலர். அவ்வியந்திரம் மரத்தையும் பாசியையும் தள்ளும்போது அவற்றோடு மெல்லிய மேல்மண்ணையும் சேர்த்துத் தள்ளிவிடும். வளமான மண் வரப்போரம் குவிந்து கிடக்க, வெறும் அடிமண்ணில் ஓட்சு விதைத்தவர்கள் உண்டு. அதனை அறுவடை செய்யாமலே விட்டவர்களும் உண்டு. ஏனெனில், விளைச்சலைக் கொண்டுபோய் விற்கச் சந்தை அருகில் இல்லை, பாதையும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது தானியம் அன்று, சான்று. உரிமைப் பத்திரம் கைக்கு வந்தபின் அவ்வயல்கள் பலவற்றில் மீண்டும் காடு ஏறியது.

இதற்கு ஒரு மறுமொழி கூறலாம். பயிரிட வேண்டும் என்ற விதி இல்லாவிடில், நிலத்தை வளைத்து வைத்து விலை ஏறியபின் விற்கும் வணிகரே எல்லாவற்றையும் கைக்கொண்டிருப்பர் என்பர். இதில் நேர்மை உண்டு. சமவெளி நாடுகளில் அத்தகைய சூழ்ச்சிகள் நிகழ்ந்தன என்பதும் வரலாறு. ஆகவே விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புல்வெளிக்கு எழுதிய விதியை உறைமண்ணுக்கு மாற்றாமல் எடுத்துச் சென்றதையே குறை கூறுகிறேன். நெப்ராஸ்காவை அளந்த கோலால் அலாஸ்காவை அளந்தார்கள். அங்கே மீன் பிடித்தும் வேட்டையாடியும் தோட்டம் போட்டும் நேர்மையாக வாழ்ந்த குடும்பம், எவருக்கும் பயன்படாத இருபது ஏக்கரைக் காட்டியே தன் உழைப்பை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

அலாஸ்காவில் உழவே நடவாது என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. ஆங்கரேஜ் நகருக்கு வடகிழக்கே மாட்டனுஸ்கா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே மண் நல்லது. பயிர் வளரும் நாள்கள் ஏறக்குறைய நூறுதான். ஆனால் கோடைப்பகல் பத்தொன்பது மணி நேரம் நீள்வதால் முட்டைக்கோசு வளர்ந்துகொண்டே போகும். 2012ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சந்தைத் திருவிழாவில் வைக்கப்பட்ட ஒரு முட்டைக்கோசின் எடை 62 கிலோவுக்கு மேல் இருந்தது. ஒரு முழு ஆளின் எடை! இப்பள்ளத்தாக்கில்தான் 1935இல், பொருளாதார வீழ்ச்சியால் நலிந்த 203 குடும்பங்களை மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து அரசு கொண்டுவந்து குடியமர்த்தியது. இது பழைய குடியேற்ற நிலச் சட்டத்தைச் சேர்ந்த ஏற்பாடு அன்று. கடனுக்கு நிலமும் வீடும் தரும் தனித்திட்டம். குடும்பங்கள் சீட்டெடுத்து நிலம் பெற்றன. பெரும்பாலோர்க்கு நாற்பது ஏக்கர். வீடு எழும்பும்வரை கூடாரங்களில் தங்கினர். தட்டம்மை பரவியது. பொறுக்கமாட்டாமல் திரும்பிச் சென்றோர் பலர். 1940க்குள் முதலில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறிவிட்டனர். எஞ்சியவர்கள் நின்றார்கள், பாமர் என்னும் ஊர் வளர்ந்தது. இதில் அரசின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கப்பலும் இருப்புப்பாதையும் அரசினுடையவை. மருத்துவமனையும் பள்ளியும் அரசு எழுப்பியவை. அவ்வளவு துணை இருந்தும் பாதிப்பேர் நிற்க முடியாத நிலத்தில், துணையே இன்றி ஒருவன் வென்றான் என்று கதை சொல்வது பொருந்துமா?

‘ஆளில்லாத காடு’ என்ற சொல்லைத்தான் நான் எல்லாவற்றினும் வன்மையாக மறுக்கிறேன். மாட்டனுஸ்காப் பள்ளத்தாக்கும் கீனாய் தீபகற்பமும் டெனைனா மக்கள் வழிவழியாக வாழ்ந்த நிலங்கள். எந்த ஆற்றில் எந்த மாதம் மீன் ஏறும், எந்தச் சரிவில் எந்தப் பழம் பழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. புகையூட்டி மீன் உலர்த்தும் முறையும், பனிமேல் நடக்கும் காலணியும், உரோமத்தோல் மேலாடையும், நாய் பூட்டிய சறுக்குவண்டியும் வடநாட்டுப் பழங்குடி மக்கள் கண்டவை, குடியேறியோர் கற்றுக்கொண்டவை. இவற்றைக் கற்றவன் பிழைத்தான். 1867இல் நிலம் கைமாறியபோது அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை 1924இல்தான் கிடைத்தது. ஆகவே நெடுங்காலம், தம் முன்னோர் நிலத்தையே இச்சட்டத்தின்கீழ்ப் பிறரைப்போலக் குறித்துக்கொள்ளும் உரிமையும் அவர்களிற் பெரும்பாலோர்க்கு இல்லை. 1906இல் அலாஸ்காப் பழங்குடியினர்க்கென ஒரு தனிச்சட்டம் வந்தது. அதன் வழியே நிலம் பெற்றோர் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மிகச் சிலரே. 1971இல்தான் அலாஸ்காப் பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கைகளைத் தீர்க்கும் சட்டம் நிறைவேறியது. 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலமும், 96 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையும் அவர்கள் அமைத்த நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டன. அந்த ஒப்பந்தம் நியாயமானதா என்பது குறித்து அம்மக்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நிலம் வெறுமையாக இருந்திருந்தால் அச்சட்டத்துக்குத் தேவையே எழுந்திராது.

குடியேறியவனின் உழைப்பை இது குறைத்துவிடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947 முதல், கீனாய்ப் பகுதியில் நிலம் தேடிவந்த முன்னாள் போர்வீரர்கள் எவரையும் வஞ்சிக்கும் எண்ணத்துடன் வரவில்லை. அவர்கள் முதுகு வளைந்ததும் கை காய்த்ததும் மெய். அவர்களுடைய உழைப்புக்குத் தலைவணங்குவோம். பிறருடைய இழப்பையும் அதே பக்கத்தில் எழுதுவோம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும்போதுதான் வரலாறு கதையாகிவிடுகிறது.

‘தனியாளாக வாழ்ந்தான்’ என்பதற்கு அச்சட்டமே இடந்தரவில்லை என்பது பலருக்குத் தெரியாது. காலம் நிறைந்ததும் நிலத்துக்கு உரிமை கோரும் ஒருவர், தாம் அங்கே வாழ்ந்ததையும் உழைத்ததையும் நம்பத்தக்க இருவரைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும் என்று 1862ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அந்த இருவர் யார்? பெரும்பாலும் அண்டை நிலத்துக்காரர்களே. அண்டை என்றால் அடுத்த தெரு அன்று. பல கல் தொலைவு. ஆயினும், ஒருவர் வீட்டுப் புகைபோக்கியில் சில நாள் புகை எழாவிட்டால் மற்றவர் பனியில் நடந்துவந்து பார்ப்பார். வெளியூர் செல்லும் குடியேறி தன் குடிலைப் பூட்டாமல் செல்வதும், அடுப்பருகே உலர்ந்த சுள்ளியையும் தீப்பெட்டியையும் வைத்துச் செல்வதும் வடநாட்டு வழக்கம். பனிப்புயலில் வழிதவறி வரும் முன்பின் அறியாத ஒருவன் அங்கே புகுந்து உயிர் பிழைக்கலாம். போகும்போது தான் எரித்த அளவுக்கு விறகை வெட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதப்படாத இச்சட்டத்தை மீறுவது திருட்டினும் இழிவாகக் கருதப்பட்டது. தனியாள் என்று நாம் புகழும் மனிதன், விறகை வெட்டி வைத்துவிட்டுப் போன எத்தனையோ பேரின் துணையில் வாழ்ந்தவன்.

1976இல் அமெரிக்க அரசு இச்சட்டத்தை நீக்கியது. அலாஸ்காவுக்கு மட்டும் மேலும் பத்தாண்டு தவணை கொடுத்து 1986இல் அங்கும் முடித்தது. அதுவரை அலாஸ்காவில் உரிமை பெற்ற குடியேற்ற நிலங்கள் 3,200க்குச் சற்று மேல். அவற்றின் பரப்பு அலாஸ்காவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அவற்றுள் கடைசி நிலம் கென்னத் டியர்டார்ஃப் என்பவருடையது. கலிபோர்னியாவில் பிறந்து வியட்நாம் போரில் பணியாற்றிய அவர், 1974இல் தென்மேற்கு அலாஸ்காவின் ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கர் நிலத்துக்கு விண்ணப்பித்தார். குடும்பத்துடன் அங்கே வாழ்ந்து, ஸ்புரூஸ் மரத்தால் வீடு கட்டி, மூஸ் வேட்டையாலும் சால்மன் மீனாலும் காலங் கழித்து, 1979க்குள் சட்டம் கேட்ட எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டார். உரிமைப் பத்திரம் அவர் கைக்கு வந்தது 1988ஆம் ஆண்டு மே மாதத்தில். சட்டமே மறைந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டிருந்தது. அவர் பயன்படுத்திய உழுபொறி இப்போது நெப்ராஸ்காவில், முதல் விண்ணப்பக்காரரான பிரீமனின் நிலத்தில் அமைந்த நினைவுப் பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.